மின்னஞ்சலும் அபூர்வமும்

இன்று செய்த கருமம் இன்றே முடிந்து மறைந்துபோக, அதன் பயன் மட்டும் பல்லாண்டு கழித்தோ மறுபிறவியிலோ வந்து கூடும் என்று நம் சாஸ்திரங்கள் கூறுமாயின், மறைந்துபோன கருமத்துக்கும் இன்னும் தோன்றாத பயனுக்கும் இடையே நின்று அவ்விரண்டையும் இணைப்பது யாது என்னும் வினா எழாமல் இராது. வேள்வித் தீ அவிந்துவிடுகிறது, அவிஸ் சாம்பலாகிவிடுகிறது, வேள்வி செய்தவனும் வீடு திரும்பி உண்டு உறங்கிவிடுகிறான். அவனுக்கு விதிக்கப்பட்ட சுவர்க்கமோ அவன் இறந்த பின்னர் அன்றோ வரவேண்டும்? ஜைமினியின் சூத்திரங்களுக்குப் பாஷ்யம் இயற்றிய சபரரும், ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த குமாரில பட்டரும் இதற்குக் கூறிய விடை, அபூர்வம் என்னும் தத்துவம். முறைப்படி செய்யப்பட்ட கருமம் தான் அழிவதற்கு முன் கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஆற்றலைப் பிறப்பித்துவிட்டே அழிகிறது என்றும், அந்த ஆற்றலே பயன் விளையும் நாள்வரை காத்திருந்து அதனைக் கர்த்தாவிடம் சேர்ப்பிக்கிறது என்றும் அவர்கள் நிர்ணயித்தார்கள். இதில் தேவர்களுக்கு வேலை எதுவும் இல்லை. தேவதை என்பது அவிஸ் யாருக்கு என்று குறிக்கும் பெயர் மாத்திரமே. அதற்கு உடலும் இல்லை, அது உண்பதும் இல்லை, மனமுவந்து வரம் தருவதும் இல்லை என்று சபரர் சற்றும் கூசாமல் எழுதியிருக்கிறார். வேதத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்களே தெய்வத்தை இவ்வளவு தூரம் ஒதுக்கிவைத்தார்கள் என்பது, மீமாம்சையைப் படிக்கத் தொடங்குபவனுக்கு முதலில் உண்டாகும் திகைப்பு.

இந்தப் பழைய வாதத்தை நான் மறுபடியும் கையில் எடுக்க நேர்ந்தது, பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆலயக் காரியாலயத்தில், ஒரு கணினியின் முன்னிலையில். கும்பாபிஷேகப் பத்திரிகைகளைத் தமிழ்நாட்டிலுள்ள உபயதாரர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டியிருந்தது. பொருளாளர் முதியவர், கணக்குப் பேரேட்டை இன்றும் கையாலேயே எழுதுபவர். "தம்பி, வர்றதெல்லாம் ஒழுங்கா வருது. போறதுதான் போகமாட்டேங்குது. வர்ற வழியிலேயே திரும்பிப் போக வேண்டியதுதானே?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஓர் அஞ்சல்பெட்டி என்றால் அதற்கு ஒரே வாயில் என்றுதான் எவரும் எண்ணுவார்கள்.

உண்மையில் வாயில்கள் இரண்டு. அவற்றைக் காப்பவர்களும் வெவ்வேறானவர்கள். தண்டர்பேர்ட் போன்ற செயலியில் வருகின்ற கடிதத்தை எடுத்துத் தரும் சர்வர் ஒன்று. அது பெரும்பாலும் 993 அல்லது 995 என்னும் எண்ணுள்ள போர்ட்டில் நம்முடன் பேசும். போகின்ற கடிதத்தை ஏற்றுக்கொள்ளும் சர்வர் மற்றொன்று. அதன் அமைப்பு, கணக்கு அமைப்புகளின் அடிக்கோடியில், ஒருவரும் எட்டிப் பாராத இடத்தில் இருக்கும். முதலாவதற்குக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டோம் என்பதனால் இரண்டாவது நம்மை அறிந்துகொண்டதாகாது. அந்தக் காரியாலயத்தில், பல வருஷங்களுக்கு முன் யாரோ ஒரு தொண்டர் எழுதிவைத்தபடியே போர்ட் 25 என்றும், அடையாளச் சோதனை இல்லை என்றும் இருந்தது. முன்னாளில் அது போதுமானதாகவே இருந்திருக்கும். இணைய இணைப்பு வேறொரு நிறுவனத்திடம் மாறியபோது, அந்த நிறுவனம் போர்ட் 25 வழியாக வாடிக்கையாளர் எவரையும் வெளியே விடுவதில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. போர்ட்டை 587 என்று மாற்றி, பாதுகாப்பு முறையை ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று வைத்து, பயனர் பெயர் என்னுமிடத்தில் முகவரி முழுவதையும் எழுதி, கடவுச்சொல்லையும் கேட்கும்படி செய்ததும், கடிதங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பத் தொடங்கின. 465 என்ற எண்ணைத் தேர்ந்திருந்தால் பாதுகாப்பு முறையை எஸ்எஸ்எல் என்று மாற்றியிருக்க வேண்டும். எண்ணை ஒன்றாகவும் முறையை மற்றொன்றாகவும் வைத்துவிட்டு, நேரம் கடந்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் பலர். கூகுள் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு 2022 மே 30ஆம் தேதிக்குப் பிறகு வழக்கமான கடவுச்சொல் இத்தகைய செயலிகளில் செல்லாமல் போய்விட்டது. செயலிக்கென்று தனியே ஒரு சொல்லை வாங்கவேண்டும், அல்லது உலாவியின் வழியே அனுமதி தரவேண்டும். இவ்வளவில் லௌகிகம் முடிந்தது.

ஆனால் பொருளாளர் விடவில்லை. "போயிருச்சா? இல்லை, போய்ச் சேர்ந்திருச்சா?" என்றார். இவ்விரண்டு வினாக்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை ஆராயாமல் மின்னஞ்சலின் இயல்பை அறிய முடியாது.

அனுப்பும் வினைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற எண்ணுள்ள பத்திரத்தில் அதன் விதிகளை வகுத்தளித்தார். இரண்டு கணினிகள் நடத்தும் மிகச் சுருக்கமான சம்பாஷணை அது. வந்தவன் தன் பெயரைச் சொல்லி வணங்குகிறான், இன்னாரிடமிருந்து என்கிறான், இன்னாருக்கு என்கிறான், பின்னர்க் கடிதத்தை ஒப்படைத்து, தனியே ஒரு புள்ளியை வைத்து முடிக்கிறான். எதிரே இருப்பவன் ஒவ்வோர் அடிக்கும் மூன்று இலக்க எண் ஒன்றால் விடையிறுக்கிறான். நான்கில் தொடங்கும் எண் வந்தால் சற்றுப் பொறுத்து வா என்று பொருள். ஐந்தில் தொடங்கினால் இவ்வாறே மீண்டும் வராதே என்று பொருள். கடவுச்சொல் தவறாயின் 535 என்பார்கள். இறுதிப் புள்ளிக்குப் பின் 250 என்ற எண் வந்துவிட்டால் செயலியில் கடிதம் அனுப்பப்பட்டவற்றின் கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் மனநிறைவோடு எழுந்துவிடுகிறோம்.

அந்த 250 கடிதம் சேர்ந்துவிட்டது என்று சொல்லவே இல்லை. இனி இதற்கு நான் பொறுப்பு என்று மட்டுமே அது சொல்கிறது. 2008 அக்டோபரில் வெளியான திருத்திய விதிகள் இந்தப் பொறுப்பை மிகுந்த கண்டிப்போடு வரையறுக்கின்றன. ஏற்றுக்கொண்ட சர்வர் ஒன்று கடிதத்தைச் சேர்க்கவேண்டும், அல்லது சேர்க்க இயலவில்லை என்று அனுப்பியவனுக்கு அறிவிக்கவேண்டும். இடையில் இயந்திரம் நின்றுபோயிற்று என்பன போன்ற அற்பக் காரணங்களால் அதனைத் தொலைத்துவிடலாகாது. எதிர்முனை உறங்கிக்கிடந்தால் மீண்டும் மீண்டும் முயன்று, நான்கைந்து நாட்களாவது பொறுத்த பின்னரே கைவிடவேண்டும். அனுப்பியவன் தன் கணினியை அணைத்துவிட்டுத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டாலும், அவன் செய்த வினை ஓரிடத்தில் வரிசையில் நின்று தன் காலத்திற்காகக் காத்திருக்கிறது. அபூர்வத்துக்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தத்தைக் குமாரிலர் கேட்டிருக்கமாட்டார்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. சேராத கடிதத்தைப் பற்றிய அறிவிப்பும் ஒரு கடிதமே ஆதலால், அந்த அறிவிப்பும் சேராமற்போனால் அதைப் பற்றி இன்னோர் அறிவிப்பு, அதுவும் சேராவிடில் மற்றொன்று என்று முடிவின்றி ஓடும். நம் தார்க்கிகர்கள் அனவஸ்தா தோஷம் என்று இதனைக் கண்டிப்பார்கள். அஞ்சல் விதியை எழுதியவர்கள், சேராமையை அறிவிக்கும் கடிதத்துக்கு அனுப்புநர் முகவரியை வெறுமையாக விடவேண்டும் என்று விதித்து அச்சங்கிலியை அறுத்தார்கள். வெற்றிடத்துக்கு யாரும் பதில் எழுதமுடியாதல்லவா? சாஸ்திர ஞானம் சிறிதும் இல்லாதவர்கள் சாஸ்திரகாரர்களின் சங்கடத்தில் அப்படியே சிக்கி, அதிலிருந்து மீண்டும் வந்திருக்கிறார்கள்.

அனுப்பியது சேர்ந்ததா என்னும் சங்கடம் பினாங்குக்குப் புதிதன்று. இது அனுப்பியும் பெற்றும் வாழ்ந்த ஊர். 1786இல் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய நாள் தொட்டு இங்கு வந்திறங்கிய தமிழர்கள் பொன்னையும் சொல்லையும் கடலுக்கு அப்பால் அனுப்பும் வழியைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். பினாங்கு வீதியின் கிட்டங்கிகளில் பெட்டியடிக்கு முன் சம்மணமிட்டு அமர்ந்த செட்டியார்கள் எழுதிய உண்டியல், இங்கே வாங்கிய தொகைக்கு அங்கே பணம் கொடுக்கவைத்தது. பணம் கப்பலேறவில்லை, தாள்தான் ஏறியது. 1870-71இல் சென்னையிலிருந்து இத்தீவுக்கும், இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. 2002இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக வந்த சேஃப் என்னும் கண்ணாடியிழைக் கம்பியும் இதே தீவில் கரையேறியது. வழிகள் மாறின, இடைவெளி மாறவில்லை. கொடுத்த கைக்கும் வாங்கப்போகும் கைக்கும் நடுவில் உள்ள காலத்தில், கொடுத்தவனிடம் இருந்ததெல்லாம் ஏற்றுக்கொண்டவனின் சொல் ஒன்றே. ஆயினும் உண்டியலில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருந்தான். அவனுக்குக் குலமும் கோயிலும் பேரேடும் இருந்தன. தவறினால் வெட்கப்பட ஒரு முகம் இருந்தது.

இங்கேதான் வேதாந்தியும் சித்தாந்தியும் மீமாம்சகனை மறிக்கிறார்கள். கருமம் ஜடம், அபூர்வமும் ஜடம். இன்ன வினை இன்னானுடையது, அதற்கு இன்ன பயன், இன்ன காலத்தில் என்று ஜடம் எங்ஙனம் தெரிந்துகொள்ளும்? பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் பாதராயணர், பயனை அளிப்பது தருமமே என்ற ஜைமினியின் கட்சியை எடுத்துக்காட்டிவிட்டு, அளிப்பவன் ஈசுவரனே என்று தம் முடிவை நிறுவுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரும், அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியாரும் இன்னும் அழுத்தமாகப் பேசுகிறார்கள். வினை தானே வந்து உயிரைப் பற்றாது. உயிரும் தன் வினைப்பயனைத் தானே தேடி எடுத்துக்கொள்ளாது. இரண்டையும் அறிந்த இறைவன் தன் ஆணையால் கூட்டுவிக்க வேண்டும். பினாங்கில் சைவசித்தாந்த வகுப்புக்குச் சென்ற எவரும் இதைக் கேட்டிருப்பார்கள்.

மீமாம்சகன் இன்று இருந்தால் சும்மா இருக்கமாட்டான். "உங்கள் கணினியைப் பாருங்கள், அது ஜடம்தானே? ஜடமான சர்வர் ஒன்று இன்னாருடைய கடிதம் இன்னாருக்கு என்று பிழையின்றிக் கொண்டு சேர்க்கிறதே, சேதனன் எங்கே?" என்று கேட்பான். சித்தாந்தி இதற்கும் சமாதானம் சொல்வார். ஜடம் தானே இயங்கவில்லை. ஆணையின் வழி இயங்குகிறது. அஞ்சலுக்கு 25 என்ற எண்ணை ஒருவன் வகுத்தான், சர்வரை ஒருவன் நிறுவினான், கோளாறு வந்தால் ஒருவன் வந்து பார்க்கிறான் என்பார். இது நல்ல விடையே. இணையத்தின் எண்களையெல்லாம் வகுத்து, பதிவுசெய்து, காத்துவந்தவர் நெடுங்காலம் ஒரே மனிதர். அவரும் அந்த ஜான் போஸ்டலே.

ஆனால் போஸ்டல் 1998 அக்டோபர் 16ஆம் தேதி காலமானார். அதன் பின்னரும் 25 இருபத்தைந்தாகவே இருக்கிறது. 250 கேட்டவர்களுக்கெல்லாம் 250 கிடைத்துக்கொண்டே இருக்கிறது. விதியை வகுத்தவன் மறைந்த பின்னும் விதி பயன் தருகிறது என்றால், வகுத்தவன் எதற்கு? வேதம் அபௌருஷேயம், அதை இயற்றியவன் ஒருவனும் இல்லை, இருந்தாலும் தேவையில்லை என்று மீமாம்சகன் பிடிவாதம் பிடித்ததன் உட்கருத்து எனக்கு அன்று அந்தக் காரியாலயத்தில்தான் சற்று விளங்கிற்று. விதி நடைபெறுவதற்கு விதித்தவன் உயிரோடிருக்க வேண்டியதில்லை. அவ்விதியை எல்லோரும் ஒருபடித்தாகக் கைக்கொண்டால் போதும். இந்த அளவில் மீமாம்சகனே வென்றான் என்று நான் கருதுகிறேன். சைவ நண்பர்கள் பொறுத்தருள்க.

அவன் தோற்கும் இடம் வேறு. அதைக் காண அதிகாரம் என்னும் விஷயத்துக்கு வரவேண்டும். ஜைமினி தம் ஆறாம் அத்தியாயம் முழுவதையும், வேள்வி செய்ய உரியவன் எவன் என்னும் விசாரணைக்கே ஒதுக்கினார். அதில் பிறப்பைக் காரணமாக்கி நாலாம் வருணத்தாரை விலக்கியது நம் அறிவுலகத்துக்கு நேர்ந்த பெரிய மாசு. 1982இல் வந்த அஞ்சல் விதியோ இதற்கு நேர்மாறான எல்லையில் நின்றது. அனுப்புபவன் யார் என்று அது கேட்டதே இல்லை. இன்னாரிடமிருந்து என்று எவன் எந்தப் பெயரைச் சொன்னாலும் அப்படியே ஒப்புக்கொண்டது. முன்பின் தெரியாதவன் கொண்டுவந்த கடிதத்தையும் வாங்கி அடுத்த ஊருக்குக் கடத்திவிடுவது அந்நாளில் அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதையாகக் கருதப்பட்டது. போஸ்டல் 1981இல் வேறொரு விதியில், பிறரிடமிருந்து ஏற்கும்போது தாராளமாகவும், தான் செய்யும்போது கட்டுப்பாட்டோடும் இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஒரு பொறியாளர் எழுதினார் என்று சொல்லாவிட்டால், ஏதோ ஓர் ஆசிரமத்தின் சுவரில் எழுதியது என்றே எண்ணத் தோன்றும்.

அந்தத் தாராளத்துக்கு நேர்ந்த கதி யாவரும் அறிந்ததே. எஸ்எம்டிபி பிறப்பதற்கு முன்பே, 1978 மே மாதத்தில், கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளர் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி வழிகாட்டியிருந்தார். தொண்ணூறுகளில் அந்த ஊற்று வெள்ளமாயிற்று. கதவைத் திறந்துவைத்திருந்த சர்வர்கள் எல்லாம் வஞ்சகரின் வாகனங்களாயின. 1998 டிசம்பரில் அஞ்சலை ஒப்படைப்பதற்கென்றே 587 என்னும் தனி வாயில் வகுக்கப்பட்டது; 1999 மார்ச்சில் அடையாளச் சோதனைக்கு விதி வந்தது. பொருளாளரின் கணினி வெளியே போகவிடாமல் தடுக்கப்பட்டது அந்த வஞ்சகரின் பாவத்தால். அவர் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. முன்வினை பிறன்வினையாகவும் இருக்கக்கூடும் போலும்!

இங்கே தைப்பூசத்தை நினைத்துக்கொள்கிறேன். பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கி ஊரும்போது, வழி நெடுகத் தேங்காய்கள் குவிக்கப்பட்டு உடைபடுகின்றன. உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். அவர்களுக்குத் தீட்சை இல்லை, மந்திரம் தெரியாது, சங்கற்பம் செய்துவைக்கப் புரோகிதரும் இல்லை. ஜைமினியின் வாயிலில் இவர்கள் ஒருவருக்கும் அனுமதி கிடைக்காது. 587இன் வாயிலிலும் கிடைக்காது. முருகனின் வாயிலில் மட்டும் யாரும் யாரையும் பெயர் கேட்பதில்லை. அவர்கள் வேண்டுதல் ஏற்கப்பட்டதா என்று கேட்டால், உடைத்தவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆண்டும் வருவேன் என்பார்.

அடுத்த ஆண்டும் வருவது, முந்தைய ஆண்டின் வேண்டுதல் சேர்ந்ததற்குச் சான்றா? அவ்வாறு சொல்லத் துணிவில்லை. பிரார்த்தனைக்கும் மின்னஞ்சலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே: பிரார்த்தனை திரும்பி வருவதில்லை. முகவரி தவறு, பெட்டி நிரம்பியிருக்கிறது என்றெல்லாம் அங்கிருந்து ஒருபோதும் அறிவிப்பு வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. மௌனத்தைப் பக்தன் ஏற்பாகக் கொள்கிறான். நாத்திகன் வெற்றிடமாகக் கொள்கிறான். மௌனம் இருவருக்கும் பொதுவாகவே இருக்கிறது. மின்னஞ்சலும் வரவர இந்தத் திசையிலேயே நகர்ந்துகொண்டிருப்பது வேடிக்கை. போலி முகவரிகளின் பெருக்கத்தால், திரும்பும் அறிவிப்புகள் குற்றமற்ற மூன்றாம் மனிதரின் தலையில் விழுவதைக் கண்டு, தீய கடிதம் என்று உறுதிப்பட்டால் சொல்லாமலே அழித்துவிடலாம் என்று 2008ஆம் ஆண்டின் விதிகளே மிகுந்த தயக்கத்தோடு இடங்கொடுத்துவிட்டன. இப்போது 250 பெற்ற நற்கடிதமும் குப்பைக் கோப்பில் போய்க் கிடக்கலாம், அனுப்பியவன் அறியமாட்டான். பொருளாளருக்கு நான் சொன்ன மறுமொழி, முக்கியமானவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள் ஐயா, என்பதே. பரம்பொருளின் விஷயத்தில் அந்த வசதி இல்லை.

சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்த கண்ணப்பர் கதையை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். விதிப்படி பார்த்தால், கண்ணப்பரான திண்ணனார் செய்ததில் ஒன்றாவது சரியாக இருந்ததா? திருமஞ்சனத்துக்கு வாயில் முகந்துவந்த நீர். அர்ச்சனைக்குத் தலையில் சூடிக்கொணர்ந்த மலர். நிவேதனத்துக்குத் தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சி. ஐந்தில் தொடங்கும் எண்கள் எத்தனை உண்டோ அத்தனையையும் ஒரே பூசையில் பெறத்தக்கவர் அவர். காளத்தியப்பர் அதனை ஏற்றார். மீமாம்சகனால் விளக்கவே முடியாத நிகழ்ச்சி இது. அவனுடைய அபூர்வம், முறைப்படி செய்த கருமத்திலிருந்து பிறப்பது. அவனுடைய உலகத்தில் பயன் உண்டு, மன்னிப்பு இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் தாராளமாக ஏற்பதுதான் அருளா என்று கேட்டால், போஸ்டலின் தாராளம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது நினைவுக்கு வருகிறது. திண்ணனாரை ஏற்கும் வாயில் வஞ்சகனையும் ஏற்குமாயின் அது அருள் ஆகாது, காவலற்ற கதவாகும். காளத்தியப்பர் திண்ணனாரை ஏற்றது, விதியைப் பொருட்படுத்தாமையால் அன்று. திண்ணனாரின் உள்ளத்தை விதியின் துணையின்றியே அறிந்திருந்தமையால். சர்வருக்கு உள்ளத்தை அறியும் வழி இல்லை. ஆகையால் அது கடவுச்சொல்லைக் கேட்கிறது, முகவரி பொருந்துகிறதா என்று பார்க்கிறது, எண் மாறினால் கதவை அடைக்கிறது. அறியாதவனுக்கு விதி வேண்டும். எவ்வளவுக்கு அறியானோ அவ்வளவுக்கு வேண்டும். சித்தாந்தி மீமாம்சகனை வெல்வது, பயனைக் கூட்டுவிக்க ஒருவன் வேண்டும் என்ற இடத்தில் அன்று என்று நான் நினைப்பது இதனாலேயே. விதிக்கு வெளியே நிற்பவனை உள்ளே அழைக்க, அவனை அறிந்த ஒருவன் வேண்டும் என்ற இடத்திலேதான் சித்தாந்தியின் வெற்றி இருக்கிறது.

அந்தக் கதையில் நாம் அதிகம் பேசாத பாத்திரம் ஒருவர் இருக்கிறார், சிவகோசரியார். ஆகமம் அறிந்த அந்தணர். நாள்தோறும் வந்து, இறைச்சியும் எலும்பும் சிதறிக் கிடப்பதைக் கண்டு பதைத்து, எல்லாவற்றையும் அகற்றி, ஆற்றில் மூழ்கி வந்து முறைப்படி பூசை செய்துவிட்டுப் போனார். பக்தியுரை நிகழ்த்துபவர்கள் அவரைச் சற்று ஏளனமாகவே பேசிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தம் கண்ணுக்கு எட்டியதைக்கொண்டு அவர் செய்யக்கூடியது அது ஒன்றே. சந்நிதியின் தூய்மைக்கு அவர் பொறுப்பேற்றவர். இறைவன் அவர்மேல் சினக்கவில்லை. அவர் சுத்தி செய்ததைப் பிழை என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. கனவில் தோன்றி, நாளை மறைந்திருந்து பார் என்று கூறினான்; மறுநாள் அவரும் மறைந்திருந்து பார்த்தார்.